எதிர் இருக்கைப் பெரியவர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் மேடம், அந்த விடுதியில் காபி நன்றாகவே இருக்கும். அவ்வளவு பெரிய இடங்களில் காபி என்ற பெயரில் எதையாவது வெந்நீரில் கலக்கி, பக்கத்தில் ஒரு பூவை வைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அப்படி இல்லை. படுக்கை, குளியலறை, பேசுகிற விதம் எல்லாமே ஒழுங்கு. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நாங்கள் தங்கியிருந்த ரயில் பெட்டியைப் பார்த்துக்கொண்ட அந்தப் பணிப்பெண் மேல் சுத்தமாகக் கிடையாது. அவள்தான் கதவைப் பூட்ட மறந்துவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்களாம். அவளும் அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாளாம். என் மகள் வந்து சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண் பூட்டினாள். பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் அரைகுறையாக இருக்கும். முழுசாகவே சொல்லிவிடுகிறேன். நான் வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை, பயப்படாதீர்கள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். எங்கள் ஊரில் இன்றைக்கு வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள்தான். பயிற்சி வண்டியில் ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவர் தப்புப் பண்ணப்போகிறார் என்று தெரிந்தால் நாம் இங்கிருந்தே காலை வைத்து நிறுத்திவிடலாம். பிள்ளைகள் எனக்கு ‘பிரேக் மாஸ்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதுபடவே சொல்வார்கள், நான் கோபித்துக்கொண்டதில்லை. நான் சத்தம் போட்டு யாரும் கேட்டதே கிடையாது. கத்துகிற ஆசிரியரிடம் கற்றவர்கள் பதறிப்போய் எதிலாவது கொண்டுபோய் இடிப்பார்கள். கத்த வேண்டியதே இல்லை, கால் சரியான இடத்தில் இருந்தால் போதும்.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். என் மனைவி மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. குடியில்லை, கூத்தில்லை. காய்கறியிலிருந்து தலைவலி மாத்திரைவரை நானே வாங்கி வந்துவிடுவேன், அவள் வெயிலில் அலைய வேண்டிய அவசியமே வைக்கவில்லை. அவளைப் பார்க்க யாராவது வந்தால் நானும் கூடவே உட்கார்ந்து பேசுவேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, தனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். உனக்கு எங்கே போகணும் சொல்லு, நான் கூட்டிப்போகிறேன் என்றேன். சிரித்தாள், அப்புறம் கேட்கவில்லை. தெருவில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

அவளுக்கு மறதி நோய் வந்தது. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பேசுவதே குறைவு, எதை மறந்தாள் எதை மறக்கவில்லை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். ஒரே ஒரு பேச்சு. வீட்டுக்குப் போகணும். எங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு அதைச் சொல்வாள். காலையில் எழுந்ததும் ஒரு பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு வாசல் கதவுக்கு வந்துவிடுவாள். தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டே இருப்பாள். இதுதானம்மா வீடு, நீ எங்கே போகப்போறே என்று நான் சொன்னால், என்னை மேலும் கீழும் பார்ப்பாள். பூட்டு போட்டு வைத்தேன். வேறென்ன செய்யமுடியும், தெருவில் லாரி போகிறது. பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவாள். சாப்பாட்டை நான் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள், பக்கத்து வீட்டு அம்மா ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். எத்தனை வருஷம் ஒரே தலையணையில் படுத்தோம் மேடம். திருடனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் யாரென்று தெரிந்து என்னைக் கூப்பிட்டுவிட்டாளென்றால் போதும், அப்புறம் என்ன ஆனாலும் தாங்கிக்கொள்வேன் என்றிருந்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பெரிய மருத்துவமனைக்குக் காட்ட ரயிலில் கூட்டிப்போனோம், நானும் மகளும். அன்றைக்குத்தான் அந்த அதிசயம். வண்டி நகர்ந்ததும் அழுகை நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, சமர்த்தாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போகணும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். “போய்க்கிட்டே இருக்கோம்ல அப்பா. போய்க்கிட்டு இருக்கறவங்க எதுக்கு போகணும்னு கேக்கப் போறாங்க” என்றாள். இறங்கின நிமிஷம் திரும்ப ஆரம்பித்துவிட்டது.

அந்த விடுதியைக் கண்டுபிடித்ததும் மகள்தான். மூடிப்போன ஒரு ரயில் பாதையில் பழைய காலத்துப் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே கட்டிலும் குளியலறையும் வைத்து, தங்குவதற்கு விடுகிறார்கள். தேக்குப் பலகை, பித்தளைக் கைப்பிடி, பச்சைத் தோல் தைத்த இருக்கைகள். ஒரு பக்கம் நடைமேடை, பூந்தொட்டிகள். பணியாட்கள் டிக்கெட் பரிசோதகர் மாதிரி கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, போனதும் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து ஓட்டை போடுகிறார்கள். பணக்காரர்களுக்கு விளையாட்டு. மகள் தன் சேமிப்பிலிருந்து எடுத்து ஒரு வாரத்துக்குப் பதிவு செய்திருந்தாள். ஒரு வாரமாவது அம்மா அழாம இருக்கட்டும்ப்பா என்றாள். ஏற்றிவிட்டு, வேலை இருந்ததால் திரும்பிப் போனாள்.

எங்களுக்குக் கடைசிப் பெட்டி. சத்தமில்லாத இடம் வேண்டும் என்று மகள் சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பெட்டியின் பாதி, பழைய பாலம் ஒன்றின் மேல் நிற்கிறது. நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். நடைமேடைக்கு எதிர்ப்பக்கக் கதவைத் திறந்தால் கீழே ஆழத்தில் வெறும் பாறை, ஆற்றில் தண்ணீர் கிடையாது. அந்தக் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும். காலையில் பணிப்பெண் வந்து திறந்து, குறுக்கே சங்கிலியைப் போட்டு, கொஞ்ச நேரம் காற்று வரவிட்டு, பிறகு பூட்டிவிடுவாள். சாவி காபி போடுகிற இடத்தில் திரைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தீப்பிடித்தால் அந்த வழியும் வேண்டுமே சார் என்று அவளே எனக்குக் காட்டினாள். பொறுப்பான பெண். பார்த்தாலே ஓட்டக் கற்றுக்கொடுக்க லாயக்கான கை என்று தெரியும்.

கட்டில் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் தண்டவாளத்தில் சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்கும், தரை லேசாகக் குலுங்கும். மற்றவர்கள் ஒரு பத்து நிமிஷம் போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு அணைத்துவிடுவார்களாம். நாங்கள் அணைக்கவே இல்லை. போட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பையை இருக்கைக்கு அடியில் தள்ளினாள், ஒரு பெருமூச்சு விட்டாள். ஜன்னலில் அதே மலைதானே தெரிகிறது என்று எனக்குக் கவலையாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மலையும் நம்ம கூடவே வருது பாருங்க என்றாள்.

பாருங்க என்றாள் மேடம், என்னிடம். அப்படி அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் எதிர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

“நீங்க எங்க போறீங்க ஐயா?” என்று கேட்டாள்.

நான் அவளுக்கு யாரோ ஒரு பெரியவர். அவள் கணக்கில் அவளுக்கு வயது முப்பதோ என்னவோ. நான் சிரித்துக்கொண்டே, கடைசி ஸ்டேஷன்வரைக்கும் என்றேன். அது நல்லது, இறங்கணுமேன்னு பதட்டப்பட வேண்டியதில்லை என்றாள். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு இரண்டை நீட்டினாள். சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க என்றாள். அன்றைக்கு மகளுக்குப் போன் செய்து, உங்க அம்மா எனக்கு பிஸ்கட் கொடுத்தாள் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் அழுதோம்.

ரயிலில் பழக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டில் இருபது வருஷம் இருந்தாலும் சொல்லாததை, எதிரில் உட்கார்ந்தவரிடம் இரண்டு ஸ்டேஷனுக்குள் கொட்டிவிடுவார்கள். திரும்பப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியம். அவள் பேசினாள். வாய் ஓயாமல் பேசினாள். சின்ன வயதில் மரமேறி விழுந்தது, தங்கையோடு சண்டை, பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேலி செய்து பிரம்படி வாங்கியது. அந்த வாத்தியார் மாதிரி நடித்துக் காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் நான் குடும்பம் நடத்தியது வேறு யாரோடோ என்று தோன்றியது. பணிப்பெண் காபி கொண்டுவந்தவள், “ரெண்டு பேரும் புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி பேசிக்கிட்டே இருக்கீங்க” என்றாள். என் மனைவி காதில் அது விழவில்லை. என் காதில் விழுந்தது, சந்தோஷமாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். தப்பு என்றால் அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். எனக்கு ஆசை வந்துவிட்டது. என்னைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்க வேண்டும். முகத்துக்கு நேராக மனைவி புருஷனைப் புகழ மாட்டாள், மூன்றாம் மனுஷரிடம் சொல்வாள் இல்லையா. அந்த மூன்றாம் மனுஷராக உட்காரும் கொடுப்பினை எத்தனை புருஷனுக்குக் கிடைக்கும்.

“வீட்டுக்காரர் கூட வரலியாம்மா?” என்றேன்.

அவள் பெட்டியின் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, வரலை என்றாள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவள் முகத்தில் பார்த்ததே கிடையாது. பரீட்சையில் தேறிய பெண் பிள்ளைகள் லைசென்ஸைக் கையில் வாங்கும்போது சிரிப்பார்கள், அந்த மாதிரி. எனக்குப் புரியவில்லை. மறுநாள் திரும்பக் கேட்டேன். அவருக்கு வேலையோ என்றேன். அவருக்கு நான் கிளம்பினதே தெரியாது ஐயா என்றாள். வண்டி கிளம்பிடுச்சு, இனிமே அவர் ஓடி வந்தாலும் ஏற முடியாது, இல்லையா என்று என்னிடமே கேட்டாள். முடியாதும்மா என்றேன். எந்த நாளில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதையும் சொல்லிவிடுகிறேன். மகள் பள்ளிக்கூடம் போகிற காலம். என் மாமியார் இறந்துபோனார். தகவல் என்னிடம்தான் வந்தது. எனக்கு அந்த வாரம் முழுக்க மாணவர்களுக்கு லைசென்ஸ் பரீட்சை. அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, அழுகிற நிலைமையில் அவ்வளவு தூரம் எப்படிப் போவாள். பரீட்சை முடிந்தபிறகு பக்குவமாகச் சொன்னேன். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்குச் சில நாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உங்க வீட்டம்மா பையோட ஸ்டேஷன் பக்கம் போறாங்க என்றார். எனக்குப் பக்கத்தில் ஒரு மாணவன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் பாட நேரம், அதை வீணாக்கக்கூடாது என்று அவனையே ஓட்டச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போனேன். பாவம், நன்றாகவே ஓட்டினான். வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே ஏறி, இருக்கைக்கு அடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு, “வா, காபி ஆறுது” என்றேன். எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்தப் பையனுக்கு கியர் மாற்றுவது பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். அதைப் பற்றி ஒரு நாளும் அவளை நான் கேட்கவில்லை, குத்திக் காட்டவில்லை. வேறு ஆண்பிள்ளையாக இருந்தால் வெட்டிப் போட்டிருப்பான். அன்றிலிருந்து வாசல் சாவியை நான் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்த ரயிலில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள் மேடம். வீட்டில் இருந்தவரை அழுததும், அங்கே சிரித்ததும் அதனால்தான். இந்தத் தடவை நான் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் எதிரில் உட்கார்ந்து நான் ஒரு வாரமாக ரசித்துக்கொண்டிருந்தேன், பிஸ்கட் வாங்கித் தின்றுகொண்டு.

கடைசி நாள் வந்தது. மத்தியானம் மகள் வந்து கூட்டிப்போவதாக இருந்தது. இன்னும் சில நாள் இருக்கமுடியுமா என்று கேட்டேன், பெட்டி வேறு யாருக்கோ பதிவாகிவிட்டது என்றார்கள். திரும்பப் போனால் பூட்டு, அழுகை, இறுக்கி மூடிய வாய். அதை நினைத்து அன்றைக்கு நான் காலையிலிருந்து வாடிப்போய் உட்கார்ந்திருந்தேன். பணிப்பெண் வந்தாள், கதவைத் திறந்து காற்று வரவிட்டாள், பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், சாவியை மாட்டினாள். சாமான் ஏற்றத் தள்ளுவண்டி கொண்டுவருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துப் பக்கம் போனாள். நடைமேடை நீளம், போய்வர நேரமாகும்.

நான் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். மனசு அடங்கவில்லை. நல்ல மனுஷர்னு சொல்றாங்களேம்மா, உங்களை அடிச்சாரா, திட்டினாரா என்றேன். அவள் யோசித்துத்தான் சொன்னாள். வஞ்சமில்லாமல்தான் சொன்னாள்.

“அடிக்கல ஐயா. ஒரு வார்த்தை திட்டினது கிடையாது. ஊர்ல யார் கேட்டாலும் நானே நல்லவர்னுதான் சொல்வேன். உங்களை இனிமே பார்க்கப்போறதில்லை, அதனால சொல்றேன். அவர் வேலைக்குப் போனதும்தான் வீட்டுக்குள்ள காத்து வர்ற மாதிரி இருக்கும். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டா நின்னுடும்.”

தினமுமா என்று கேட்டேன். தினமும்தான் என்றாள்.

என்னால் உட்காரமுடியவில்லை. குனிந்து அவள் முகத்துக்கு நேராக என் முகத்தைக் கொண்டுபோனேன். “நல்லா பாரு. நான்தான். நான்தான் உன் வீட்டுக்காரன்” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

பார்த்தாள். முகத்திலிருந்த அத்தனையும் வடிந்துபோனது. அழவில்லை, கேட்கவில்லை. குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்து பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். எழுந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள்.

“வரேன். காபி ஆறிடும்” என்றாள்.

அவளை அப்படிப் பார்க்கச் சகிக்கவில்லை. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேம்மா, உட்காருங்க, நான் வழிப்போக்கன், உங்க வீட்டுக்காரரை நான் கண்டதுகூட இல்லை என்றேன். முதலில் நம்பவில்லை. நான் சிரித்துக் காட்டினேன். அப்புறம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தாள். பயந்தே போயிட்டேன் ஐயா, இப்படியா விளையாடுவீங்க என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் நானாக இல்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், எனக்குக் கோபம் வராது. அவளுக்காகத்தான் செய்தேன். அன்றைக்கு நான் போய் இறக்கிக் கூட்டிவந்துவிட்டேன், இன்றைக்காவது அவள் போக நினைத்த இடத்துக்கு விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். மத்தியானம் அழுதுகொண்டு திரும்பிப் போவதைவிட, சிரித்துக்கொண்டு இறங்கட்டும் என்று நினைத்தேன். இதில் என்ன தப்பு என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

சுவிட்சை அணைத்தேன். சத்தம் நின்றது, குலுக்கல் நின்றது. வண்டி நின்னுடுச்சா என்றாள். ஆமாம்மா, உங்க அம்மா ஊர் வந்துடுச்சு என்றேன். இவ்வளவு சீக்கிரமாவா என்று பரபரத்துப் போனாள். கண்ணாடி பார்த்துத் தலையைச் சீவினாள். அந்த நேரத்தில் நான் திரைக்குப் பின்னால் போய்ச் சாவியை எடுத்துவந்து கதவைத் திறந்தேன். சங்கிலி மாட்டவில்லை. சாவியைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது எனக்குப் பழக்கம். அதனால் அந்தப் பெண் மேல் பழி வரும் என்று அப்போது தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அப்படியேதான் வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

“அம்மா வந்திருப்பாங்களா ஐயா?”

வந்திருப்பாங்க என்றேன்.

“கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். அவர் எங்கயாவது நிக்கிறாரா?”

கதவோரம் போய் எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில். கீழே பாறைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. யாரும் இல்லைம்மா, தைரியமா இறங்குங்க என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த பிஸ்கட்டை என் கையில் திணித்தாள். நீங்க இன்னும் ரொம்ப தூரம் போகணும், வழிக்கு வெச்சுக்குங்க என்றாள். பெரியவங்க நீங்க இருந்தது துணையா இருந்துச்சு என்றாள். வெளிச்சம் அவள் கண்ணில் அடித்தது. படியைத் தேடிக் காலை வைத்தாள்.

தள்ளினீர்களா என்று கேட்பீர்கள். தள்ளவில்லை. என் மகளிடமும் அதைச் சொல்லுங்கள், கதவைத் திறந்தது நான்தான் என்று இங்கே வருவதற்கு முன்னால் அவளிடம் சொன்னேன், அதிலிருந்து என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். என் மனைவியைப் பொறுத்தவரை நான் அங்கே புருஷனே இல்லை. யாரோ ஒரு பெரியவர், இறங்குவதற்கு ஒத்தாசை செய்தார், அவ்வளவுதான். அதை நினைத்துத்தான் ஆறுதல்பட்டுக்கொள்கிறேன்.

முழுசாகச் சொல்லுகிறேன் என்று சொன்னவன் மிச்சம் வைக்கக்கூடாது. கால் வைத்த இடத்தில் படி இல்லை என்றதும் அவள் கதவோரத்துப் பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கைதான். பை கீழே போய்விட்டது. புதிதாக ஓட்ட வருகிறவர்கள் பயத்தில் ஸ்டீயரிங்கை இப்படித்தான் இறுக்கிப் பிடிப்பார்கள் மேடம், நாம் அதட்டக்கூடாது, பதமாக ஒவ்வொரு விரலாகத் தளர்த்திவிட வேண்டும். அப்படித்தான் செய்தேன். வலிக்காமல்தான் செய்தேன். நடுவில் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். ஐயா என்று கூப்பிடவில்லை. “என்னங்க” என்றாள். எனக்கு நன்றாகவே கேட்டது. அப்போது இன்னும் இரண்டு விரல் மீதி இருந்தது.